கழிவுக்கும் ஒத்திகை வேண்டும்

தீபாவளி நெருங்கிவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நடக்கவே இடம் இருக்காது. கடைக்குக் கடை "20 விழுக்காடு கழிவு", "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற அறிவிப்புகள் தொங்கும். இன்று அதே அறிவிப்புகள் இணையக் கடைகளிலும் வந்துவிட்டன. ஆனால், இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நேரடிக் கடையின் கல்லாவில் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். 300 வெள்ளி சேலையில் தவறுதலாக 3 வெள்ளி என்று சீட்டு ஒட்டியிருந்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். இணையக் கடையின் கல்லாவில் இருப்பது கணினி. அது சொன்னதை மட்டும் செய்யும். நள்ளிரவிலும் செய்யும், ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கும் செய்யும்.

அதனால்தான் கழிவு விதியை உண்மையான கடையில் ஏற்றுவதற்கு முன்பு, வேறோர் இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் கணினித் துறையினர். சோதிக்காவிட்டால் என்ன ஆகும்? அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது.

66 வெள்ளிக்கு அச்சுப்பொறி

2003ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள். டிஜிலேண்ட்மால் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் விலைப் படிவத்தை வைத்து ஒரு பயிற்சி நடந்தது. படிவம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதற்காக 66 என்ற எண் தட்டப்பட்டது. அது வெறும் மாதிரி எண்தான். ஆனால், அது உண்மையான அகப்பக்கத்திலேயே ஏறிவிட்டது. 3,854 சிங்கப்பூர் வெள்ளி மதிப்புள்ள எச்பி லேசர் அச்சுப்பொறி 66 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது.

நிறுவனத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஜனவரி 13ஆம் தேதி தவறு தெரிய வந்தபோது 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளைக் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். கணினி ஒவ்வொருவருக்கும் "கொள்முதல் உறுதி" என்று தானாகவே கடிதமும் அனுப்பியிருந்தது. சரியான விலையில் கணக்கிட்டால் ஒன்றரைக் கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வரும் சரக்கு அது. கேட்ட விலையோ மூன்று லட்சம் வெள்ளிகூட இல்லை.

நிறுவனம் பொருளைத் தர மறுத்தது. 1,606 அச்சுப்பொறிகளுக்குப் பதிந்திருந்த ஆறு பேர் வழக்குத் தொடுத்தார்கள். விசாரித்தவர் நீதித்துறை ஆணையர் வி.கே. ராஜா. பிற்காலத்தில் சிங்கப்பூரின் தலைமைச் சட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர் இவர். விலை தவறு என்று தெரிந்துகொண்டே வாங்க முற்பட்டார்கள், ஆகவே அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் தீர்ப்பளித்தார். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அப்படியானால் கவலை இல்லையே, சட்டம் காப்பாற்றிவிடுமே என்று ஒரு வணிகர் நினைக்கலாம். அங்கேதான் எச்சரிக்கை தேவை. 3,854 வெள்ளிப் பொருளுக்கு 66 வெள்ளி என்றால் அது தவறு என்று யாருக்கும் தெரியும். 20 விழுக்காடு தர நினைத்த இடத்தில் 35 விழுக்காடு போய்விட்டால்? பண்டிகைக் காலத்தில் அதை உண்மையான கழிவு என்றுதான் வாடிக்கையாளர் நம்புவார். "உங்களுக்குத் தெரிந்தே வாங்கினீர்கள்" என்று அவரிடம் சொல்ல முடியாது. சிறிய தவறுதான் பெரிய தவறைவிட ஆபத்தானது.

வாடிக்கையாளர் பக்கமும் இருக்கிறது. அறிவிப்பில் 20 விழுக்காடு என்று போட்டுவிட்டுப் பணம் கட்டும்போது 15 விழுக்காடு மட்டும் கழித்தால் என்ன ஆகும்? விலையைப் பற்றித் தவறான எண்ணம் தருவதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. வெறும் 5 வெள்ளிக் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது.

மாதிரிக் கடை

அரங்கேற்றத்திற்கு முன் ஒத்திகை பார்ப்பதைப்போல், உண்மையான கடையின் நகல் ஒன்றை உருவாக்கி அதில் கழிவு விதியை ஓட்டிப் பார்ப்பதே முறை. நிரலாளர்கள் இதை "ஸ்டேஜிங்" என்பார்கள். அதே பொருள்கள், அதே விலை, அதே கணக்கு. ஆனால், வெளியாட்கள் உள்ளே வர முடியாது. உண்மைப் பணமும் நகராது. பணம் செலுத்தும் சேவை நிறுவனங்கள் இதற்கென்றே சோதனை அட்டை எண்களைத் தருகின்றன. ஸ்டிரைப் நிறுவனத்தின் சோதனை எண் 4242 என்பதை நான்கு முறை தட்டுவதுதான். உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண்களை மட்டும் நகலில் வைக்கக் கூடாது. ஒத்திகைக் குறுஞ்செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் குழப்பம்தான்.

எதைச் சோதிப்பது?

பெரும்பாலோர் கழிவு கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கிடைக்கக் கூடாத இடத்தில் கிடைக்காமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒரு புடவைக் கடையை எடுத்துக்கொள்வோம். 200 வெள்ளிக்கு வாங்கினால் 20 விழுக்காடு கழிவு. புதியவர்களுக்கு 30 வெள்ளிக் கழிவுக் குறியீடு. இவ்வளவுதான் விதி.

முதலாவது, எல்லை. 199.99, 200, 200.01 என்று மூன்று தொகைகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். "200 வெள்ளிக்கு மேல்" என்பதும் "200 வெள்ளியும் அதற்கு மேலும்" என்பதும் கணினிக்கு இரு வேறு கட்டளைகள்.

இரண்டாவது, வரிசை. 240 வெள்ளிக்கு வாங்கியவரிடம் முதலில் 20 விழுக்காட்டைக் கழித்து, பிறகு 30 வெள்ளியைக் கழித்தால் அவர் கட்டுவது 162 வெள்ளி. முதலில் 30 வெள்ளியைக் கழித்துவிட்டு, பிறகு 20 விழுக்காடு என்றால் 168 வெள்ளி. இரண்டு கழிவையும் ஒன்றாகத் தரலாமா, எது முதலில் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் முதலாளி, நிரலாளர் அல்லர்.

மூன்றாவது, காசுக் கணக்கு. 19.95 வெள்ளிப் பொருள் மூன்று. 15 விழுக்காடு கழிவு. ஒவ்வொன்றாகக் கழித்துக் கூட்டினால் 50.88. மொத்தத்தில் கழித்தால் 50.87. ஒரு காசு வேறுபாடுதானே என்று விட முடியாது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் தொகை அருகிலுள்ள ஐந்து காசுக்குத் திருத்தப்படுகிறது. கடைக்கு வந்து ரொக்கம் கட்டுபவருக்கு முதல் கணக்கு 50.90 ஆகும், இரண்டாவது 50.85 ஆகும். ஏதாவது ஒரு முறையை எல்லா இடத்திலும் பின்பற்ற வேண்டும்.

நான்காவது, நேரம். பல கணினிகள் கிரீன்விச் நேரத்தில் இயங்குகின்றன. மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முந்தியது. கவனிக்காவிட்டால், நள்ளிரவில் முடிய வேண்டிய கழிவு மறுநாள் காலை எட்டு மணிவரை ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது, திருப்பித் தருதல். 210 வெள்ளிக்கு வாங்கி, கழிவு போக 168 வெள்ளி கட்டியவர், 90 வெள்ளிச் சேலையைத் திருப்பித் தருகிறார். கணினி 90 வெள்ளியையும் முழுதாகக் கொடுத்துவிட்டால், அவர் 120 வெள்ளிச் சரக்கை 78 வெள்ளிக்குப் பெற்றுவிடுகிறார். அதுதான் முன்பு சொன்ன 35 விழுக்காடு!

இவற்றோடு, 25 வெள்ளிப் பொருளுக்கு 30 வெள்ளிக் குறியீட்டைப் போட்டால் கணக்கு சுழியத்திற்குக் கீழே போகிறதா, "முதல் 50 பேருக்கு" என்ற சலுகையை ஐம்பதாவதாக இருவர் ஒரே நொடியில் அழுத்தினால் என்ன ஆகிறது என்றும் பார்த்துவிட வேண்டும்.

யார் சோதிப்பது?

விதியை எழுதிய நிரலாளர் மட்டும் சோதித்தால் போதாது. அவர் தாம் நினைத்தபடியேதான் தட்டிப் பார்ப்பார். பல ஆண்டு கல்லாவில் இருந்தவருக்குத்தான் வாடிக்கையாளர் எப்படியெல்லாம் பேரம் பேசுவார் என்று தெரியும். அவர் ஒரு தாளில் இருபது, முப்பது கொள்முதல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைக் கையால் கணக்கிட்டு வைக்க வேண்டும். பிறகு கணினியின் விடையோடு ஒப்பிட வேண்டும். விதியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தத் தாள் முழுவதையும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு இரண்டு மூன்று நாள் உழைப்புதான். ஆண்டுக்கு ஒரு தீபாவளியை நம்பிச் சரக்கு எடுக்கும் சிறு வணிகருக்கு, அந்த உழைப்பு அவருடைய முதலையும் காக்கும். வாடிக்கையாளர் அவர்மீது வைத்த நம்பிக்கையையும் காக்கும்.