தலைமையகம் வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'மேலிடம்' என்ற சொல் புதிதல்ல. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று கிராணியிடம் சொன்னால், "துரையிடம் சொல்கிறேன்" என்பார். துரையிடம் போனால், "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்" என்பார். அந்த மேலிடம் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பெரட்டுக் களத்தில் நின்றவர்களில் பலருக்குத் தெரியாது. கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அந்த மேலிடத்தைத்தான் இன்று தலைமையகம் என்கிறோம். ஒரு பெரிய நிறுவனம் தன் தலைமையகத்தை ஒரு நகரில் அமைக்கப் போகிறது என்று செய்தி வந்தால், அந்த ஊரே மகிழ்கிறது. வேலை வரும், வரி வரும், நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு வரும் என்று பேசிக்கொள்கிறோம். தலைமையகம் வேறு ஊருக்குப் போகிறது என்றால், ஏதோ பெரிய இழப்பு என்று வருந்துகிறோம். உண்மையில் என்ன வருகிறது, என்ன போகிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு நிறுவனம், மூன்று முகவரிகள்

ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாக மூன்று வகை முகவரிகள் உண்டு. முதலாவது, பதிவு அலுவலகம். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, இங்கு பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நாட்டுக்குள் ஒரு பதிவு அலுவலகம் இருக்க வேண்டும். அரசாங்கக் கடிதங்களும் நீதிமன்ற நோட்டீசுகளும் அங்கேதான் போகும். பல நிறுவனங்கள் தங்கள் நிறுவனச் செயலாளரின் அலுவலக முகவரியையே இதற்குக் கொடுத்துவிடுகின்றன. ஒரு கடைவீட்டின் மாடியில் பல நிறுவனங்களின் பதிவு அலுவலகம் இருக்கலாம். அங்கே இருப்பது கோப்புகள்தான். வேலையைத் தேடிப் போனால் வாசலில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கும்.

இரண்டாவதுதான் உண்மையான தலைமையகம். இயக்குநர்கள் கூடுவது, தலைமை நிர்வாகி உட்காருவது, கணக்கு, சட்டம், மனிதவளம் போன்ற பிரிவுகள் இயங்குவது எல்லாம் இங்கே.

மூன்றாவது, வேலை நடக்கும் இடம். தோட்டம், ஆலை, துறைமுகம், கடை என்று எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலான தொழிலாளர்கள் இருப்பது இங்கேதான்.

தலைமையகம் வருகிறது என்று கேள்விப்பட்டால், முதலில் இந்த மூன்றில் எது வருகிறது என்று கேட்க வேண்டும். பெயர்ப்பலகை வருவதும் ஆட்கள் வருவதும் ஒன்றல்ல.

வரி யாருக்குப் போகிறது?

தலைமையகம் இருக்கும் ஊருக்கே நிறுவனத்தின் வரி போய்ச் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் அப்படி இல்லை. நிறுவனங்கள் தங்கள் இலாபத்தில் கட்டும் வருமான வரி, பொதுவாக 24 விழுக்காடு, உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் வழியாக மத்திய அரசாங்கத்துக்குப் போகிறது. தலைமையகம் ஈப்போவில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் அது மாறாது.

ஊராட்சி மன்றத்துக்குக் கிடைப்பது கட்டடத்துக்கான மதிப்பீட்டு வரி. நம் வீட்டுக்கு வரும் 'சுக்காய் பிந்து' போன்றதுதான். அதோடு லைசென்ஸ் கட்டணம், கார் நிறுத்தும் கட்டணம் போன்றவை. மாநில அரசுக்கு நில வரி. அந்தக் கட்டடத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமையகம் இருந்தாலும், வேறு பல அலுவலகங்கள் வாடகைக்கு இருந்தாலும், ஊராட்சி மன்றம் கணக்கிடுவது கட்டடத்தைத்தான். நிறுவனத்தின் இலாபத்தை அல்ல.

இலாபத்தின் மிச்சம் பங்குதாரர்களுக்குப் போகிறது. அவர்கள் எந்த ஊரிலும் இருக்கலாம். நம் ஊழியர் சேமநிதி பல பெரிய நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கிறது. அதனால் பகாங்கில் செம்பனைக் குலை வெட்டுகிறவரின் சேமநிதிக் கணக்கிலும், தலைநகர் நிறுவனம் ஒன்றின் இலாபத்தில் ஒரு துளி சேரக்கூடும். அதற்கு அவர் தலைநகரில் வசிக்க வேண்டியதில்லை.

வேலை எத்தனை?

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் போயிங் விமான நிறுவனம். அது 1916இல் சியாட்டல் நகரில் தோன்றியது. 2001இல் தன் தலைமையகத்தைச் சிக்காகோவுக்கு மாற்றியது. அதை ஈர்ப்பதற்காகச் சிக்காகோ நகரமும் இல்லினாய் மாநிலமும் பல ஆண்டுகளுக்குச் சுமார் 6 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளைக் கொடுக்க முன்வந்தன. வந்த வேலைகளோ சுமார் 500 மட்டுமே. விமானம் கட்டும் ஆலைகள் சியாட்டல் வட்டாரத்தின் எவரெட், ரென்டன் ஊர்களிலேயே இருந்தன; அங்கே பல்லாயிரம் பேர் வேலையைத் தொடர்ந்தார்கள். 2022இல் தலைமையகம் மறுபடியும் இடம் மாறி, வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்லிங்டனுக்குப் போவதாக அறிவிக்கப்பட்டது. சலுகை கொடுத்த சிக்காகோ பார்த்துக்கொண்டு நின்றது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. தலைமையகம் என்பது பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையில், அதிகச் சம்பள வேலைகள். ஆனால் அதைச் சுற்றி வேறு வேலைகள் முளைக்கும். கணக்காய்வு நிறுவனங்கள், வழக்கறிஞர்கள், வங்கிகள், விளம்பர நிறுவனங்கள், ஹோட்டல்கள் ஆகியவை தலைமையகங்களின் பக்கத்திலேயே இருக்க விரும்புகின்றன. பாதுகாவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், மதியம் கூட்டம் மொய்க்கும் நாசி லெமாக் கடை, தோசைக் கடை வரை அதில் பிழைப்பவர்கள் உண்டு. பல தலைமையகங்கள் ஒரே நகரில் கூடும்போதுதான் இந்தப் பலன் பெருகுகிறது. ஒன்றே ஒன்று தனியாக வந்தால் அவ்வளவாக இருக்காது.

போயிங் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 2018இல் இந்தோனேசியாவிலும் 2019இல் எத்தியோப்பியாவிலும் அதன் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து மொத்தம் 346 பேர் இறந்தார்கள். முடிவெடுப்பவர்கள், விமானம் கட்டும் பொறியியலாளர்களை விட்டு வெகுதூரம் விலகிப் போனதும் தவறுகளுக்கு ஒரு காரணம் என்று பலர் குறை கூறினார்கள். தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல என்பது நம் தோட்ட மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தலைமையகம் இல்லாமலும் ஊர் வளரும்

பினாங்கைப் பாருங்கள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் அங்கே ஆலை திறந்தது. அதன் தலைமையகம் அன்றும் இன்றும் கலிபோர்னியாவில்தான். ஆனாலும் பினாங்கில் பல தலைமுறைத் தொழிலாளர்கள், டெக்னிஷியன்கள், பொறியியலாளர்கள் உருவானார்கள். ஆலைக்குத் தேவையான பொருள்களைச் செய்யும் உள்ளூர் நிறுவனங்களும் வளர்ந்தன. ஆக, தலைமையகம் இல்லாததால் ஓர் ஊர் தாழ்ந்துவிடாது. ஆனால் ஒரு குறை உண்டு. ஆட்குறைப்பு என்ற முடிவு பாயான் லெப்பாசில் எடுக்கப்படுவதில்லை. அது கடல் கடந்து வருகிறது.

பெட்ரோனாஸ் இதற்கு மறுபக்கம். கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது திரங்கானு, சபா, சரவாக் பக்கம். 1974இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகமோ கோலாலம்பூரில், ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் எழுந்த 88 மாடி இரட்டைக் கோபுரத்தில். உலகம் அறிந்த அடையாளம் தலைநகருக்குக் கிடைத்தது. எண்ணெய் எடுக்கும் மாநிலங்களின் பங்கு பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

லண்டனிலிருந்து வந்த மேலிடம்

இப்போது நம் கதைக்கு வருவோம். 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி நிறுவனம், பின்னர் லண்டனிலிருந்து நடத்தப்பட்டது. மலேசியாவில் அதற்குச் சுமார் 2 லட்சம் ஏக்கர் தோட்டங்கள் இருந்தன. நெகிரி செம்பிலானிலும் ஜொகூரிலும் அதன் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்கள் இன்றும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தையில் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம், அதாவது பிஎன்பி, நான்கு மணி நேரத்துக்குள் கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. 'விடியற்காலைத் தாக்குதல்' என்று அது சரித்திரத்தில் பெயர் பெற்றது. துப்பாக்கி இல்லாமல், ஒரு காலைப் பொழுதில், மேலிடம் லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. பிறகு டாமன்சாரா ஹைட்சில் விஸ்மா கத்ரி என்ற பெயரோடு அதன் அலுவலகம் நின்றது.

2007இல் கத்ரியும் கோல்டன் ஹோப்பும் சைம் டார்பியோடு இணைந்தன. 2017இல் தோட்டத் தொழிலும் வீடமைப்புத் தொழிலும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. 2024இல் தோட்ட நிறுவனம் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அன்று லண்டனில் பங்கு வாங்கிய பிஎன்பியின் தலைமையகம் இன்று 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரத்தில்.

நாட்டுக்கு இது பெரிய வெற்றி, ஐயமில்லை. லண்டன் பங்குதாரர்களுக்குப் போய்க்கொண்டிருந்த இலாபம் இங்கே தங்கியது. கணக்கு, சட்டம், நிர்வாக வேலைகள் இங்கே வந்தன. நகரில் படித்த பிள்ளைகளுக்கு அலுவலகக் கதவு திறந்தது.

கிட்ட வந்தது, யாருக்குக் கிட்ட?

ஆனால் லயத்திலிருந்து பார்த்தால் கதை இன்னொரு விதமாகத் தெரியும். மேலிடம் தலைநகரில் இருந்தபோது, தலைநகருக்குப் பக்கத்துத் தோட்டங்களின் மதிப்பை அது வேறு கண்ணால் பார்த்தது. ஓர் ஏக்கரில் எவ்வளவு பால் கிடைக்கும் என்ற கணக்கு, ஓர் ஏக்கரில் எத்தனை வீடு கட்டலாம் என்ற கணக்காக மாறியது. சீபில்ட் தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. புக்கிட் ஜெலுத்தோங், எல்மினா தோட்டங்கள் குடியிருப்பு நகரங்களாயின. பெராங் பெசார் தோட்டத்தில் அரசாங்கம் புத்ராஜெயாவை எழுப்பியது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின.

இதைப் பழி சொல்லும் நோக்கில் எழுதவில்லை. நகரம் வளர்ந்தால் நிலத்தின் பயன் மாறும். நிலத்தின் வகை மாறும்போது மாநில அரசுக்குக் கட்டணம் வருகிறது. வீடுகள் எழுந்தால் ஊராட்சி மன்றத்துக்கு ஆண்டுதோறும் மதிப்பீட்டு வரி வருகிறது. ஆகவே அவர்களும் எளிதில் மறுப்பதில்லை. இழப்பவர்கள், அந்த நிலத்தில் உழைத்து அங்கேயே குடியிருந்தவர்கள். வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம் இருந்ததால், ஒரே கடிதத்தில் இரண்டும் போயின. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம் தேடி அலைந்தன.

லண்டன் மேலிடம் எட்டாத தூரத்தில் இருந்தது. கோலாலம்பூர் மேலிடம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தது. ஆனால் உள்ளே போய்ப் பேச நமக்கு ஆள் இல்லை என்றால், இரண்டு தூரமும் ஒன்றுதான்.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஒரு தலைமையகம் வருவதாகச் செய்தி படித்தால், இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வருவது பெயர்ப்பலகையா, ஆட்களா? எத்தனை வேலை, என்ன படிப்புக்கு? அதை ஈர்க்க யார், என்ன சலுகை கொடுத்தார்கள்? அங்கே எடுக்கும் முடிவு எந்த ஊரில், யாரைப் பாதிக்கும்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தலைமையகங்களுக்குத் தேவைப்படுவோர் கணக்காய்வாளர்கள், நிறுவனச் செயலாளர்கள், சட்டம் படித்தவர்கள், கணினித் தரவு அறிந்தவர்கள். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று நினைக்கும் வீடுகளில் இவற்றையும் பேசுங்கள். நிறுவனச் செயலாளர் என்றால் கடிதம் தட்டச்சு செய்பவர் அல்லர். இயக்குநர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவுகளைப் பதிவு செய்து, சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர்.

இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வசதிக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. முதலாளியின் தலைமையகம் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். புகார் செய்ய வேண்டிய இடம் பக்கத்து நகரில் உள்ள தொழிலாளர் இலாகா. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன் என்ற பதிலோடு திரும்பி வர வேண்டியதில்லை. கூரை ஒழுகினால், தேதியோடு, படத்தோடு, எழுத்து மூலம் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.