பேருந்து வீடு மண்ணில் புதைந்தால்…

பழைய பேருந்தின் இருக்கைகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி பொருத்தி, நடமாடும் வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுவோர் உலகெங்கும் உண்டு. இந்தியாவில் இப்படி மாற்ற, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும்.

திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-இல் கிருஷ்ணன்கோவில் வழியாக அத்தகைய வண்டி போகும்போது, தார்ச்சாலையில் இருக்கும்வரை கவலையில்லை. ஐப்பசி மழையில் நனைந்த மண் ஓரத்தில் இறங்கினால்தான் வம்பு. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் இன்னும் மோசம். ஈரம்பட்டால் உப்பிக் குழைந்து டயரில் அப்பிக்கொள்ளும்.

சக்கரம் சுழல ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும்.

முதலில் ஆட்களை இறக்க வேண்டும். அடுத்து தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். 400 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிலோ பாரம். டயருக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, ஜல்லியோ தென்னை மட்டையோ போட்டு, முதல் கியரில் மெல்ல நகர்த்தலாம். டிராக்டர் வைத்து இழுத்தால் கயிற்றை பம்பரில் கட்டக்கூடாது, சேஸிஸ் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கயிறு அறுந்தால் சாட்டையாய் வீசும் என்பதால், வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்துவது அவசியம்.

கிருஷ்ணன்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்குப் பாரவண்டி நகர்த்தும் வேலை பழக்கமானதுதான். ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரை முட்டுக்கட்டை போட்டுத் திருப்பி, வடம்பிடித்து நிலைக்குக் கொண்டுவர ஒரு காலத்தில் பல நாட்கள் ஆயின. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகே அந்தச் சிரமம் குறைந்தது.