கரிசலில் ஒரு கார் கொட்டகை: கிலோவும் யூனிட்டும்

பழைய கார் பிரியர்கள் கொட்டகைக் கணக்கை எப்போதும் கூரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விருதுநகர், சாத்தூர் பக்கம் அதைத் தரையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் வண்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு என்று வைத்துக்கொள்வோம். நீளம் ஏறக்குறைய 13 அடி, அகலம் 5 அடி. பானட் முழுசாக முன்பக்கம் கவிழும். அதற்கே 4 அடி விட வேண்டும். இதன் பாடி தனி, சேஸிஸ் தனி. போல்ட்டைக் கழற்றிப் பாடியைத் தூக்கி வைத்தால் ஒரு கார் இரண்டு காராகிவிடும். 5 அடி சேஸிஸ், 5 அடி பாடி, நடுவில் 4, இரு ஓரமும் மும்மூன்று: ஆக 20 அடி அகலம். நீளம் 30. மொத்தம் 600 சதுர அடி.

இரும்பு: 100 மி.மீ. சதுரக் குழாயில் 12 அடித் தூண் 8, சுமார் 350 கிலோ. நாலு டிரஸ் 325. பர்லின் 235. சுவர்த் தகட்டுக்கான சட்டம் 180. பேஸ் பிளேட், பிரேசிங், போல்ட் 110. ஆக 1,200 கிலோ. விலை வாரத்துக்கு வாரம் மாறும்; கணக்குக்காகக் கிலோ 75 ரூபாய் என்று போட்டால் 90,000. கூரைத் தகடு 768 சதுர அடி, சுமார் 320 கிலோ, தனி.

இனி மண். சித்திரையில் கரிசல் வெடிப்புக்குள் அரை இஞ்ச் ஸ்பேனர் விழுந்தால் கை எட்டாது. ஐப்பசி மழையில் அதே மண் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். இந்த அசைவு 3.5 மீட்டர் ஆழம் வரைகூடப் போகும். கனமான கட்டடம் மண்ணை அழுத்திப் பிடிக்கும். ஒன்றரை டன் கொட்டகையை மண் தூக்கிவிடும். தூணுக்குத் தூண் வேறு வேறு அளவில் தூக்கும். ஷட்டர் இறுகும், தரை பிளக்கும், ஜாக் வைத்த கார் சாயும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடி பெருத்த பைல் அஸ்திவாரத்தை வளர்த்தெடுத்தது இப்படிப்பட்ட மண்ணுக்காகத்தான்.

தரைக்குக் குறைந்தது 2 அடி கரிசலை அள்ள வேண்டும்: 1,200 கன அடி, அதாவது 12 யூனிட். ரோலர் போட்டு இறுக்கினால் கிராவல் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும். 15 யூனிட் இறக்கணும். மேலே 5 அங்குலக் கான்கிரீட், 250 கன அடி. 1:2:4 கலவைக்கு சிமென்ட் 45 மூட்டை, எம்-சாண்ட் 1.1 யூனிட், ஜல்லி 2.2 யூனிட். அந்தத் தளம் மட்டும் 17 டன்.

ஜேசிபி 6 மணி நேரம் 8,400; கிராவல் யூனிட் 3,000 வீதம் 45,000; சிமென்ட் மூட்டை 400 வீதம் 18,000; மணலும் ஜல்லியும் 15,400. கூட்டினால் 86,800. தூண் குழிகள் இதில் சேரவில்லை; சேர்த்தால் இரும்பை மண் முந்திவிடும். இதுவும் கணக்குக்கான விலைதான், கூலி தனி.

இடம் பார்க்கும்போது இன்னொன்று. சிவகாசிப் பக்கப் பட்டாசு அறைகளில் ஓர் அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது, இரும்புக் கருவியும் ஆகாது. நம் கொட்டகையிலோ கிரைண்டர் பொறி பறக்காத நாளில்லை. மனை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆலை வேலியை ஒட்டி வாங்குவது மலிவே இல்லை.

வண்டிப் பதிவைப் பற்றி ஒரு வாக்கியம்: 50 வயது தாண்டியதை 2021 விதிப்படி விண்டேஜாகப் புதிதாய்ப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், அன்றாடம் ஓட்டக் கூடாது.

கடைசியாகக் கூரைத் தண்ணீர். ஓரம் நீட்டிய கூரை மேலிருந்து பார்த்தால் 704 சதுர அடி. ஆண்டு மழை 800 மி.மீ. என்றால் 52,000 லிட்டர். பீலி இல்லையென்றால் அத்தனையும் 8 தூண்களின் அடியில்தான் இறங்கும். இரு பக்கமும் சேர்த்து 64 அடிப் பீலி, தண்ணீரைப் பத்தடி தள்ளி விடும் குழாய். பெயிண்டுக்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள்.