திரையில் விழும் சிவப்பு எழுத்து

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பவர் அப்பா. மகள் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் இருக்கும் ஒரே மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர் கையில் சிவப்புப் பேனாவும் கல்யாணப் பத்திரிகை புரூஃபும். அவள் முன்னால் பேட்டரி நிற்காத, எந்நேரமும் பிளக்கில் சொருகியே கிடக்கும் பழைய லேப்டாப். ஆன்லைனில் பைத்தான் படிக்கிறாள். 12 வாரப் பாடம். படிப்பது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம்.

ஆன்லைனில் கோடிங் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுதி வாருங்கள் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்தேன். எல்லாரும் சொல்வதையே அவளும் சொன்னாள். மூன்றாவது வாரத்தில் படிப்பையே விட்டுவிட இருந்ததாக அவள் சொன்னபோதுதான் பேனாவை எடுத்தேன்.

வீடியோவில் பார்த்ததை நோட்டில் எழுதி, நோட்டைப் பார்த்து டைப் செய்திருக்கிறாள். ஓட்டினால் திரையில் நாலைந்து வரி சிவப்பு எழுத்து. "நான் என்னத்தையோ உடைச்சுட்டேன்னு நெனச்சேன்க்கா. அப்படியே மூடி வெச்சுட்டேன்." நாலு நாள் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அப்பா கேட்டிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் தப்பைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை. "எந்த வரின்னு போட்டிருக்கு பாப்பா?" என்றார். லைன் 7 என்று இருந்தது. அந்த வரியை நோட்டோடு வைத்து, கையெழுத்துப் பிரதியை புரூஃபோடு ஒப்பிடுகிற மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போனார். நோட்டில் வரிக் கடைசியில் இரண்டு புள்ளி இருந்தது. திரையில் இல்லை. போட்டதும் ஓடியது.

"புரூஃப்ல தப்பே வராதுன்னா எனக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்று என்னிடம் கேட்டார். முகூர்த்த நேரத்தில் காலை மாலையாகியிருக்கும், மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கும். பிளேட் போடுவதற்கு முன்னால் பார்த்துத் திருத்துவது அவருக்கு அன்றாட வேலை. நம் பிள்ளைகளுக்கோ ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிவப்பு மை என்றால் மார்க் போச்சு என்றுதான் அர்த்தம். அந்த பயத்தோடேயே திரைக்கு முன்னாலும் வந்து உட்காருகிறார்கள்.

வீடியோக்கள் அந்த பயத்தை வளர்க்கத்தான் செய்கின்றன. அவளோடு உட்கார்ந்து இரண்டு பாடம் பார்த்தேன். சொல்லிக்கொடுப்பவரின் விரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. அடித்தார், ஓட்டினார், விடை வந்தது. பல வருடம் புரோகிராம் எழுதியவர்களுக்கும் ஒரு நாளில் பத்துத் தடவை எரர் வரும். அதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் வீடியோ நம் கைக்கு வருகிறது. பார்க்கும் பிள்ளைக்குத் தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று தோன்றாமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் அந்தச் சிவப்பு எழுத்து திட்டுவதற்காக வருவதில்லை. பைத்தானில் அதைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே எந்த வரியில் என்பது. நேம் எரர் என்றால் அந்தப் பெயரை அதற்குத் தெரியவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. டைப் எரர் என்றால் எண்ணையும் எழுத்தையும் கூட்டச் சொல்வது மாதிரி, சேராததைச் சேர்க்கப் பார்த்திருக்கிறோம். முன்பெல்லாம் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், பைத்தான் பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி அலையவிடும். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, மூடாமல் விட்ட குறியையே காட்டிக்கொடுக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்று அந்த மொழியை வளர்ப்பவர்களே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். அவள் பார்க்கும் 12 வாரப் பாடத்தில் இந்தச் சிவப்பு எழுத்தைப் படிப்பது எப்படி என்று ஒரு பத்து நிமிடம்கூடக் கிடையாது.

சிவப்பே வராத தப்பும் உண்டு. அப்பாவுக்காக அவள் ஒரு சின்னக் கணக்கு எழுதினாள். இரண்டு ஆர்டர், ஒன்று 250 பத்திரிகை, இன்னொன்று 300. மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் 250300 என்றது. புரோகிராம் ஓடும்போது கீபோர்டில் அடித்துக் கொடுப்பது எதுவானாலும் பைத்தான் அதை எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். எண்ணாக மாற்றச் சொல்லாவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். "இத்தனைக்கும் பேப்பர் வாங்குனா பிரஸ்ஸ வித்தாலும் பத்தாது" என்று அப்பாதான் சிரித்துக்கொண்டே சொன்னார். மொத்தம் 550 என்று அவருக்கு மனதில் இருந்ததால் பிடித்தார்.

என் கவலை இங்கேதான். அவளோடு சேர்ந்த தோழிகள் ஐந்து பேர். சிவப்பு வந்த உடனே அப்படியே காப்பி எடுத்து ஏஐ செயலியில் போடுகிறார்கள். திருத்திய புரோகிராம் வருகிறது, ஒட்டுகிறார்கள், ஓடுகிறது. என்ன தப்பு என்று படித்தவர் ஒருத்தரும் இல்லை. அடுத்த வாரம் அதே இரண்டு புள்ளியை மறுபடி விடுகிறார்கள். சிவப்பைப் படித்தே பழகாத கண் 250300-ஐப் பார்த்துச் சந்தேகப்படுமா? நாளைக்கு இவர்கள் எழுதப்போவது ஆஸ்பத்திரி பில்லாக இருக்கலாம், ரேஷன் கணக்காக இருக்கலாம். அங்கே பக்கத்தில் அப்பா இருக்க மாட்டார்.

ஒவ்வொரு எரரையும் தோண்டிக்கொண்டிருந்தால் பாடம் முடியாது, செயலியும் ஒரு வாத்தியார்தானே என்று ஒரு பயிற்றுநர் என்னிடம் சொன்னார். ஏன் தப்பானது என்று அந்தச் செயலியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளும் இருக்கலாம். நான் பார்த்த ஐந்து பேரில் அப்படி யாரும் இல்லை. பாடம் எடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் கை தவறும் இடத்தை வெட்டாதீர்கள். எரர் வரட்டும். அதைப் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுப் படியுங்கள்.

அவளிடம் இப்போது தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, எரர், எந்த வரி, என்ன செய்தாள் என்று நாலு கட்டம். சிவப்புப் பேனா அப்பாவிடம் வாங்கியது. நான் கிளம்பும்போது மணி பத்தரை. அந்த வார அசைன்மென்ட்டில் ஐந்து டெஸ்ட் கேஸில் மூன்று பாஸ். மீதி இரண்டும் மறைத்து வைத்தவை. என்ன கொடுத்துச் சோதிக்கிறார்கள் என்றே காட்ட மாட்டார்கள். "பூஜ்யம் குடுத்துப் பாத்தியா?" என்று அப்பா புரூஃபிலிருந்து தலை நிமிராமலே கேட்டார். "பாத்தாச்சுப்பா. அது இல்ல" என்றவள், நோட்டில் அடுத்த வரியை எழுதத் தொடங்கினாள்.