மூளையில் புற்று: ஏன்? எப்படி?

இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, தலையில் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு எக்ஸ்ரே பாய்ச்சி, முடியை உதிரவைத்து வைத்தியம் செய்தார்கள். வேறு பல நாடுகளிலும் அப்போது அதுதான் வழக்கம். அவர்களில் ஏறத்தாழ 10,800 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1988இல் வெளியானது. மூளையின் உறையில் கட்டி வரும் வாய்ப்பு 9 மடங்குக்கும் மேலாகியிருந்தது. அவை பெரும்பாலும் புற்றல்ல. மூளைக்குள்ளேயே முளைக்கும் கிளையோமா இரண்டரை மடங்கு. சாதாரணத் தோல்நோய்க்காக வந்த பிள்ளைகள் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

எக்ஸ்ரே டிஎன்ஏ இழையை அறுக்கும். செல் அதை ஒட்டும்போது பிழை நேரலாம். பிரிவதை நிறுத்தும் மரபணுக்கள் அப்படிப் பழுதானால் செல் கட்டுக்கடங்காமல் பெருகும். முதிர்ந்த நரம்புச் செல்கள் பிரிவதில்லை. அவற்றைத் தாங்கும் கிளையா செல்கள் பிரியும். பெரியவர்களின் மூளையிலேயே உருவாகும் புற்றுகளில் பெரும்பாலானவை கிளையோமாவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

‘செல்போனாலா டாக்டர்?’ என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. அந்த அலைகளுக்கு இழையை அறுக்கும் ஆற்றல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2024இல் செய்த மறுஆய்விலும் தொடர்பு தென்படவில்லை.

டிபி53 போன்ற மரபணுப் பழுதைப் பெற்றோரிடமிருந்து பெறுபவர்கள் மிகச் சிலர். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, வயது ஏற ஏறச் செல் பிரிவில் தற்செயலாகச் சேரும் பிழைகளே போதும். நோயாளி செய்த தவறு என்று அதில் ஒன்றுமில்லை.