லஞ்ச் பாக்ஸுக்கு தக்காளி சாஸ் பாஸ்தா.. மைதா இல்லாமல் வீட்டிலேயே செய்வது எப்படி?

இட்லி, தோசை, லெமன் சாதம் என எதை வைத்து அனுப்பினாலும் டிபன் பாக்ஸ் பாதியோடு திரும்பி வருகிறதா? "பாஸ்தா செஞ்சு கொடு" என்று குழந்தை அடம்பிடிக்கிறதா? கடையில் விற்கும் மசாலா பாஸ்தா பாக்கெட்டை வாங்கிப் போட்டால் 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதில் எவ்வளவு மைதா, எவ்வளவு உப்பு என்று பார்த்தால் பல பெற்றோருக்கும் தயக்கம் வரும்.

கோதுமை மாவு, ரவை, தக்காளி, கேரட் என வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே சத்தான பாஸ்தா செய்யலாம். மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு முள்கரண்டி போதும். வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

பாக்கெட் பாஸ்தாவில் என்ன பிரச்னை?

எல்லா பாக்கெட் பாஸ்தாவும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள பொருட்கள் பட்டியலைப் பாருங்கள். அதிக அளவில் இருக்கும் பொருள்தான் முதலில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பாஸ்தா. டூரம் கோதுமை ரவை என்றிருந்தால் மைதாவை விட மேல். ஆனால் அதுவும் தவிடு நீக்கிய ரவைதான் என்பதால் நார்ச்சத்து குறைவு.

அடுத்து உப்பு. பாக்கெட்டில் 'சோடியம்' என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். அதாவது 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புதான் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவாகவே வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் உப்பு, சர்க்கரை, அதிகம் பதப்படுத்திய உணவுகளைக் குறைக்கச் சொல்கின்றன.

பாஸ்தா மாவு பிசைவது எப்படி? (2 குழந்தைகளுக்கு)

• கோதுமை மாவு - 1 கப் (சுமார் 120 கிராம்)
• மெல்லிய ரவை - கால் கப் (சுமார் 40 கிராம்)
• எண்ணெய் - 1 டீஸ்பூன்
• உப்பு - 1 சிட்டிகை
• வெதுவெதுப்பான தண்ணீர் - சுமார் 80 மில்லி

கோதுமை மாவு மட்டும் போட்டால் வெந்ததும் கொழகொழவென்று ஆகிவிடும். ரவை சேர்ப்பதால்தான் கடிக்கும் பதம் கிடைக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசையுங்கள். 8 முதல் 10 நிமிடம் வரை நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். பிறகு ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அதற்குள் ரவை ஊறி, மாவு இழுத்தால் அறுந்து போகாமல் வரும்.

முட்டை சாப்பிடும் வீடு என்றால் 1 முட்டையை உடைத்து ஊற்றி, தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். புரதமும் கூடும்.

மெஷின் இல்லாமல் வடிவம் கொடுப்பது எப்படி?

மாவைச் சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக உருட்டுங்கள். ஒவ்வொன்றையும் முள்கரண்டியின் பின்பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால் கோடு போட்ட சிப்பி தயார். பண்டிகைக்குச் சிப்பி பலகாரம் செய்யும் வீடுகளில் இது பழகிய கைவேலைதான். விடுமுறை நாளில் குழந்தைகளையும் உட்கார வைத்து உருட்டச் சொல்லுங்கள். தானே செய்த உணவைச் சாப்பிடுவதில் குழந்தைகளுக்குத் தனி ஆர்வம் உண்டு.

கோடும் குழியும் அழகுக்காக மட்டும் அல்ல, சாஸ் அதில்தான் தங்கும்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதிக்க விட்டு பாஸ்தாவைப் போடுங்கள். மேலே மிதந்து வந்த பிறகு இன்னும் 2, 3 நிமிடம் வேக வேண்டும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் பச்சை மாவு தெரியக் கூடாது. வடிக்கும்போது அரை கப் தண்ணீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

தக்காளி சாஸ் செய்முறை

• நன்கு பழுத்த தக்காளி - 4
• கேரட் - 1
• பரங்கிக்காய் - ஒரு சிறிய துண்டு
• வெங்காயம் - 1, பூண்டு - 4 பல்
• எண்ணெய் - 2 டீஸ்பூன்
• மிளகுத்தூள், உப்பு - தேவைக்கு

தக்காளி, கேரட், பரங்கிக்காயை வேக வைத்து, ஆறியதும் மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். கடாயில் எண்ணெய் விட்டுப் பூண்டு, வெங்காயத்தை வதக்கி, அரைத்த விழுதைச் சேர்த்து, சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் வரை சுண்ட விடுங்கள். ஆரிகானோ இல்லையா? கற்பூரவல்லி இலை ஒன்றைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், கிட்டத்தட்ட அதே வாசம் வரும்.

புளிப்பைக் குறைக்கச் சர்க்கரை தேவையில்லை. கேரட்டும் பரங்கிக்காயும் அந்த வேலையைச் செய்துவிடும். தனியாக வைத்தால் ஒதுக்கும் காய்கள், சாஸில் கரைந்து உள்ளே போய்விடும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற சத்து, எண்ணெயில் வேகும்போது உடலில் நன்றாகச் சேரும். நேரம் இல்லை என்று பாட்டில் கெட்சப்பை ஊற்றிவிடாதீர்கள். அதில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே வரும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பாஸ்தாவும் தக்காளியும் மட்டும் இருந்தால் புரதம் போதாது. வேக வைத்த பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன் சாஸோடு சேர்த்து அரைக்கலாம். அல்லது கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி கலந்து விடலாம்.

மதியம் வரை கெடாமல், காயாமல் இருக்க என்ன செய்வது?

காலை 7 மணிக்குக் கட்டும் சாப்பாட்டைக் குழந்தை 12.30 மணிக்குத்தான் திறக்கும். இடையில் ஐந்தரை மணி நேரம். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் சாதாரண வெப்பநிலையில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும்.

• சூடு தாங்கும் தெர்மோ டப்பாவே நல்லது. அதில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் பாஸ்தாவைப் போட்டு உடனே மூடுங்கள்.
• பாஸ்தா நேரம் ஆக ஆக சாஸை உறிஞ்சும். எடுத்து வைத்த வடிதண்ணீரைச் சேர்த்துச் சற்றுத் தளர்வாகவே கட்டுங்கள்.
• லஞ்ச் பாக்ஸுக்கான பாஸ்தாவில் கிரீம், பால், சீஸ் வேண்டாம். வெயில் காலத்தில் சீக்கிரம் கெட்டுவிடும்.
• இரவே சமைத்தால் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவு முழுக்க வெளியில் இருந்ததைக் காலையில் சூடு பண்ணிக் கொடுக்கக் கூடாது. சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

காலையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே?

நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமையே பாஸ்தாவை உருட்டி, ரவை தூவிய தட்டில் ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வையுங்கள். கெட்டியானதும் டப்பாவில் போட்டு ஃப்ரீஸரிலேயே வைத்தால் 2 வாரம் வரை பயன்படுத்தலாம். சாஸ் ஃபிரிட்ஜில் 3 நாள் தாங்கும். காலையில் ஃப்ரீஸரில் இருந்து எடுத்து நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். வெளியே வைத்து உருக விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாஸைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிக் கலந்தால் கால் மணி நேரத்தில் டப்பா தயார்.

யாருக்கு வேண்டாம்?

கோதுமை அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தாது. மற்றவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள், அதிகபட்சம் இரண்டு நாள் போதும். முதல் முறை பள்ளிக்குக் கட்டுவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் வீட்டில் செய்து பாருங்கள். உப்பு, காரம், அளவு எல்லாம் குழந்தைக்குப் பிடித்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.