பஃபலோ சனலில் ரொறன்ரோ விளம்பரம்

அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஞாயிறு நெருங்குகிறது. அமெரிக்காவின் பஃபலோ நிலையத்தை வைத்தாலும் கனேடிய வங்கிகளின் விளம்பரமே ஓடுகிறதே, கேபிள் பெட்டியில் பழுதா என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறார்கள். பழுது இல்லை. அப்படித்தான் ஓட வேண்டும் என்பது விதி.

ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் அமெரிக்க நிலையமும் உள்ளூர்க் கனேடிய நிலையமும் ஒளிபரப்புகின்றன என்று வையுங்கள். கனேடிய நிலையம் குறைந்தது 4 நாள் முன்னதாக எழுத்தில் கேட்டால், கேபிள் அல்லது செய்மதி நிறுவனம் அமெரிக்க சிக்னலை எடுத்துவிட்டு, அதே சனல் எண்ணில் கனேடிய சிக்னலை ஓடவிட வேண்டும். படத்தின் தரம் குறையக்கூடாது. கனடாவின் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் சி.ஆர்.டி.சி. ஆணையம் 1972 முதல் நடைமுறையில் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 'சமநேரப் பதிலீடு' என்று பெயர்.

இதைவிட முரட்டுத்தனமான வழி ஒன்றும் அப்போது நடைமுறையில் இருந்தது. 1973இல் றொஜர்ஸ் கேபிள் நிறுவனம் பஃபலோ நிலையங்களின் விளம்பரங்களை வெட்டி எறிந்தது. நிலையங்கள் வழக்குப் போட்டன. 1977இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. வெட்டினால் வழக்கு வருகிறது. முழு நிகழ்ச்சியையும் மாற்றிவிட்டால் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. சாமர்த்தியமான ஏற்பாடுதான்.

என்னை உறுத்துவது அதன் விளைவு. பதிலீடு கிடைக்க வேண்டுமானால் அமெரிக்காவில் ஓடும் அதே நேரத்தில் இங்கும் ஓட வேண்டும். ஆகவே நம் தனியார் நிலையங்களின் மாலை நேர அட்டவணையைத் தீர்மானிப்பவை அமெரிக்க வலையமைப்புகள். பதிலீட்டால் வரும் விளம்பர வருமானம் கனேடியத் தயாரிப்புகளைத் தாங்குகிறது என்று ஆணையமும் நிறுவனங்களும் சொல்கின்றன. ஆனால் கனேடிய நாடகம் ஒன்றுக்கு எல்லைக்கு அப்பால் அதே நேர ஒளிபரப்பு இருப்பது அபூர்வம். பதிலீடு செய்ய அங்கே எதுவும் இல்லை. இந்த விதி நேரடியாகக் காப்பது ஹொலிவூட்டிடம் வாங்கிய உரிமையை. சொந்த நாடகம் மிஞ்சிய நேரத்துக்குத் தள்ளப்படுகிறது. கலாசாரப் பாதுகாப்பு என்ற பெயர் இதற்குப் பொருந்தாது.

சூப்பர் பௌலுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தப்போவதாக 2015இல் ஆணையம் அறிவித்தது. 2017, 2018, 2019 ஆட்டங்களை அமெரிக்க விளம்பரங்களோடு பார்த்தோம். ஒளிபரப்பு உரிமையை வாங்கியிருந்த பெல் நிறுவனமும் ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பும் நீதிமன்றம் போயின. 2019 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் தளர்வு உத்தரவை ரத்துச் செய்தது. ஒரு சேவையை எந்த நிபந்தனையோடு கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை வைத்து, தனியொரு நிகழ்ச்சிக்கு ஆணையம் விதி போட முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதற்கு முன்பே, அமெரிக்காவுடனான புதிய வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தத் தளர்வை நீக்க ஒட்டாவா சம்மதித்திருந்தது. பார்வையாளர் பக்கம் நின்று ஆணையம் எடுத்த அபூர்வமான முடிவு இப்படி முடிந்தது.

மற்றக் கேள்விகள்:

அன்ரெனாவில் பார்த்தால்? பதிலீடு கிடையாது, ஒன்ராறியோ ஏரிக்கரையில் பஃபலோ நிலையங்கள் பல வீடுகளுக்கு எட்டும்.

இணையத்தில் பார்த்தால்? இந்த விதி அங்கே பொருந்தாது.

தூர நிலையங்களை மறு ஒளிபரப்பக் கேபிள் நிறுவனங்களுக்குக் கட்டணம் உண்டா? 1990 முதல் பதிப்புரிமைச் சட்டப்படி உண்டு.

வெளிநாட்டுத் தமிழ்ச் சனல்கள்? ஆணையத்தின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்குக் கனேடிய நிறுவனம் ஒன்று விண்ணப்பிக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடியுமுன்பே சிக்னல் மாறி, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை இழந்தால் சும்மா இருக்காதீர்கள். சனல், திகதி, நேரம் மூன்றையும் குறித்து ஆணையத்துக்கு முறைப்பாடு அனுப்புங்கள். பெரிய தவறு செய்யும் நிலையத்திடமிருந்து பதிலீட்டு உரிமையைப் பறிக்கலாம் என்று 2015இல் ஆணையமே எழுதி வைத்திருக்கிறது.